பட்டியலில் புகுந்த நாலு

"புரோகிராம்ல ரெண்டு எழுத்தை மிச்சம் பிடிச்சு என்னம்மா சாதிக்கப் போறே?"

மயுகோ வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடை முதலாளியம்மா ஒருநாள் இப்படிக் கேட்டார். மயுகோ தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டதே, எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான்...

இன்று செந்தாய் நகரத்துக் காபிக் கடை மாடியில் போட்டி. நூறுக்குள் வரும் பகா எண்களை மிகக் குறைந்த எழுத்துகளில் அச்சிடும் புரோகிராம் யாருடையது? ஒரே ஒரு முறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

ஜன்னலோரம் இருந்த ஒரே பிளக் பாயிண்ட்டை நோக்கி இரண்டு கைகள் நீண்டன. நிமிர்ந்தாள். மழைத்துளி ஒட்டிய இமைகள்... மூன்று மாதமாக இங்கே தொடர்ந்து ஜெயிக்கும் ரியோஹெய்.

"நீங்களே எடுத்துக்கங்க. எப்படியும் நான்தான் ஜெயிக்கப் போறேன்."

"அப்ப உங்களுக்கு கரண்ட்டே வேண்டாமா...?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பையே பார்த்தபடி அவள் பிளக்கைச் செருகினாள்.

நேரம் முடிந்து மணி அடித்தது. கடைக்காரர் வெள்ளைப் பலகையில் எழுதினார்: ரியோஹெய், நாற்பத்துமூன்று எழுத்து. பக்கத்தில் மயுகோ, நாற்பத்தைந்து. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் அவன் திரையைப் பார்த்தாள். 2, 3, 4, 5, 7...

இப்போது விட்டால் எப்போதும் இல்லை... எழுந்து நின்றாள்.

"நாலு... நாலு பகா எண் இல்லை."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"முன்னாடி வந்த எண்ணையெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை பெருக்கி வகுத்துப் பார்க்கணும். நீங்க ஒரு தடவையோட நிறுத்தி ரெண்டு எழுத்தை மிச்சம் பிடிச்சிட்டீங்க. மத்ததெல்லாம் சரியா வரும்... நாலு மட்டும் உள்ள நுழைஞ்சிடும்."

"ஒண்ணே ஒண்ணுதானே..." ரியோஹெய் முகம் சிவந்தது.

"நூறுக்குள்ள இருக்கறது இருபத்தஞ்சு. நீங்க இருபத்தாறு குடுத்திருக்கீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் பலகைக்குப் போனான். ஒரு கணம் தயங்கினான்... பிறகு தன் எண்ணைத் தானே அழித்து, மயுகோ பெயருக்கு எதிரே 'முதலிடம்' என்று பெரிதாக எழுதினான். கைதட்டலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூணு மாசமா எல்லாரும் என் எழுத்தைத்தான் எண்ணினாங்க. விடையைப் பார்த்தது நீங்க மட்டும்தான்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மயுகோ."

அவள் அவன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். பலகையில் அருகருகே இருந்த இரண்டு பெயர்களுக்கும் மேலே ஒரு குடை வரைந்தாள். காதலிக்கும் இருவருக்காக அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்புக் கரும்பலகையில் வரைவார்களே, அதே குடை.

பேனாவை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.