சத்தம் கேட்டா ஒதுங்குறோம்

காலையில் பன்னிரண்டரை வோல்ட் காட்டிய பேட்டரி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினொன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. பாக்கியநாதன் முதலில் மீட்டரைத்தான் திட்டினார். முனைகளைச் சட்டையில் துடைத்து, பானெட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி முனையில் மறுபடி வைத்துப் பார்த்தார். பத்து புள்ளி ஒன்பது. ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, விடிந்ததும் தன் கையாலேயே மாட்டிய பேட்டரி. அதற்குப் பிறகு பங்களா போர்ட்டிகோவில் நின்ற காரை ஈ காக்கை தொடவில்லை.

வேறொரு நாளாக இருந்தால், "போ சனியனே, நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்று ஸ்பேனரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இன்றைக்கு அது நடக்காது. மகள் ஜெயந்திக்கு மத்தியானத்திலிருந்து வலி. தலைப்பிரசவம், எட்டு மாசம்தான் ஆகிறது, நாலு மணியிலிருந்து ரத்தம் வேறு போகிறது. தோட்டத்து லொறி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது. யட்டியாந்தோட்டை வாடகை வேன் ஜுனைதீனுக்குப் போன் அடித்தால், ஹயர் போய் அவிசாவளையில் நிற்கிறேன் என்கிறான். மலையில் மிஞ்சிய ஒரே வண்டி தோட்ட மேனேஜர் துரையின் இந்தக் கார்தான். கொழும்பிலிருந்த துரையும் போனில், "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "ஸ்டார்ட் ஆனா எடுத்துட்டுப் போ" என்றுவிட்டார். ஆனால்தானே!

மனைவி தெரேசம்மா மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். தொழிற்சாலை எலக்ட்ரீசியன் பெண்டாட்டி என்று லயத்தில் நாலு பேர் மதிக்கிற அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு கால் மணி நேரம் தெரேசா. கண்டுபுடிச்சிருவேன்."

"அதுவரைக்கும் புள்ள தாங்காது. கம்பளியக் கம்புல கட்டித் தூக்கிக்கிட்டு நாங்க ஆஸ்பத்திரிக்கு எறங்குறோம். நீங்க பின்னாலயே வந்து வழியில ஏத்திக்குங்க. சத்தம் கேட்டா ஒதுங்குறோம்."

"சரி, சரி, போங்க" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

விஷயம் இதுதான். அது ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார். உள்ளே இரண்டு பேட்டரி. பெரியது யானை, வண்டியையே இழுக்கும். சின்னது பாகன். பாகன் எழுந்து தட்டினால்தான் யானை எழும். அந்தச் சின்ன பேட்டரிதான் இப்படிச் சவமாய்க் கிடந்தது. அதை வைத்த இடமோ டிக்கி மூலை. டிக்கி திறக்கவும் அதே பேட்டரியின் கரண்டு வேண்டும்! எந்தப் புண்ணியவானின் யோசனையோ. பாக்கியநாதன் சாவியால் முன்கதவைத் திறந்து, பின்சீட்டை மடித்து, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார்.

பேட்டரி கெட்டதா, இல்லை ஏதாவது களவாகக் கரண்டு குடிக்கிறதா? நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைப் பிடித்தார். கார் தூங்கும்போது எறும்பு கடிக்கிற அளவுதான் போக வேண்டும். அப்படித்தான் போனது. நிம்மதியாக மூச்சு விட்டார். முள் எழுந்தது. இரண்டு அம்பியர். நின்றது. விழுந்தது. மறுபடி இரண்டு. யாரோ கதவைத் திறந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் இப்படிக் காட்டும். எட்டிப் பார்த்தார். நாலு கதவும் அவர் சாத்தியபடியே மூடித்தான் இருந்தன, கண்ணாடியில் மழைச் சாரல் வழிந்துகொண்டிருந்தது.

சாவி பக்கத்தில் இருந்தாலும் கார் விழித்துக்கொள்ளும் என்பது ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கதவு வழியாகத் தூரத்தில் புல்லில் வீசினார். மறுபடி ஊர்ந்து வந்தார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. காற்று, என்று சொல்லிக்கொண்டார். முள் எழுந்தது. இந்தத் தடவை அதோடு வாடையும் எழுந்தது. புளித்துப்போன ரப்பர் பால் வாடை.

துரையின் காரில் பால் வாடைக்கு என்ன வேலை?

அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஒரு மாசமாக இருந்தவர், அவ்வளவுதான். பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பதினாலாம் நம்பர் மலையிலிருந்து இறங்கிய பால்வெட்டுக்காரி இலட்சுமியை இந்தக் கார்தான் பின்னாலிருந்து அடித்துக் கொன்றது. தோட்டத்தில் துரை வண்டிக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முறைத்துப் பார்த்தான் என்று பேர் வரும். பாட்டன் காலத்திலிருந்தே காதுதான் கணக்கு. ஜீப் இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே கால் தானாக ரோட்டோரக் கானுக்குள் இறங்கிவிடும். இந்தக் கார் மெதுவாக இறங்கினால் சத்தமே கிடையாது. இலட்சுமியின் கால் இறங்கவில்லை. துரை ஒரு கையில் போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டில் பாக்கியநாதன். வாளி கண்ணாடியில் உடைந்து, உலகமே வெள்ளையானது.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே ஒரு வரி. "தொர ஹோர்ன் அடிச்சாருங்க சேர். என் காதால கேட்டேன்." அந்த வரியால்தான் அவர் வீடும் வேலையும் தப்பின.

அப்போதுதான் தெரேசம்மா சொல்லிவிட்டுப் போனது உறைத்தது. சத்தம் கேட்டா ஒதுங்குறோம். அட பாவி மனுசா, சத்தம் வராது என்று நீ சொல்லவில்லையே! ஓடிப்போய்ச் சொல்லலாம். இல்லை, வண்டியைக் கிளப்பி ஹோர்ன் அடித்துக்கொண்டே போகலாம். தொழிற்சாலை ஜெனரேட்டர் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினால் ஐந்து நிமிஷம். மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கிளிப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வரத் திரும்பினார்.

டக்.

நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

கிளிப்பைப் பார்த்தார். கையில்தான் இருந்தது. எதிலும் படவில்லை. பூட்டக் கரண்டு எங்கிருந்து வந்தது?

முன்னால் டேஷ்போர்டில் பச்சையாய் ஓர் எழுத்து வரிசை எரிந்தது. ரெடி. பாகன் செத்துக் கிடக்கிறான். யானை எழுந்துவிட்டது.

"யேசுவே."

காலையில் அவர் காலாலேயே அழுத்திப் போட்டிருந்த பார்க்கிங் பிரேக், அவர் கண்ணெதிரே விடுபட்டது. போர்ட்டிகோத் தூண் பின்னால் நகர்ந்தது. சரளைக்கல் மட்டும் மெல்ல நெரிந்தது. அதையும் மழை தின்றுவிட்டது. கதவை உதைத்தார். கண்ணாடியை ஸ்பேனரால் அடித்தார். ரப்பரை அடிப்பது போல ஸ்பேனர் துள்ளித் திரும்பியது. முன்சீட்டுக்குப் பாய்ந்து பிரேக்கை அழுத்தப் பார்த்தார். முடியவில்லை. அங்கே இடம் இல்லை. டிரைவர் சீட்டில் ஆள் இருந்தது. தலையில் ஈரச் சாக்கு முக்காடு. அதன் நுனியிலிருந்து வெள்ளையாய், கெட்டியாய், சொட்டுச் சொட்டாய்.

வளைவு ஒன்று. வளைவு இரண்டு.

கீழே ஒரு டோர்ச் வெளிச்சம் ஆடியது. கம்பு. கம்பில் தொங்கும் கம்பளி. பக்கத்தில் தெரேசம்மாவின் குடை. எல்லாருக்கும் முதுகு.

"தெரேசா! ஒதுங்குங்க! ஏய்!"

அவர் கத்தல் அவர் காதுக்கே திரும்பி வந்தது. ஹோர்ன். ஹோர்னுக்குச் சின்ன பேட்டரி வேண்டும். பின்னால் ஊர்ந்தார். கிளிப்பைப் பேட்டரியில் வைத்து இறுக்கிப் பிடித்தார். இன்னொரு கையை ஸ்டியரிங் பக்கம் நீட்டினார். ஒரு காரின் நீளம். எட்டவில்லை. விட்டால் கிளிப் விழுகிறது. பிடித்தால் கை எட்டவில்லை.

"இலட்சுமி," என்றார். அந்தப் பெயரை ஒரு மாசமாக அவர் வாயால் சொன்னதில்லை. "தாயி, உன் கால்ல விழுறேன். எம்புள்ள போகுது. ஹோர்ன அமுக்கு தாயி. நான் பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றேன். அமுக்கு தாயி."

முக்காடு திரும்பவில்லை. பால் உறைந்த கையொன்று எழுந்தது. ஸ்டியரிங் நடுவில் பதிந்தது. அழுத்தியது. முழு பலத்தோடு.

ஒன்றும் கேட்கவில்லை.

"அடிக்கிறேனே அண்ணே," என்றது குரல், மரியாதையாக, வேலைக் காட்டில் கூப்பிடுகிற அதே குரல். "ஒங்களுக்குத்தான் கேக்குமே."

கம்பளி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்குள்ளிருந்து ஜெயந்தியின் கை ஒன்று வெளியே தொங்கி, மழையை ஏந்திக்கொண்டிருந்தது. முன்னால் போகிற யாருமே திரும்பவில்லை. வெள்ளைக் கை ஹோர்னை அழுத்தியபடியே இருந்தது.