ரோசியின் தட்டு

நாலு கரடிக்கு எதற்கு ஐந்து தட்டு? வேணிக்கு அதுதான் விளங்கவில்லை. வெல்லம் போட்ட கேப்பைக் கூழை அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, ஒவ்வொரு கூண்டின் கம்பிக்கதவுக்குக் கீழேயும் தள்ளிக்கொண்டே போனார் காப்பாளர் அந்தோணிசாமி. கரடிகள் உறிஞ்சுகிற சத்தமும் ஈர மயிரின் வாடையும் நடைவழி முழுக்க நிறைந்திருந்தன. ஐந்தாவது கூண்டு காலி. கதவு திறந்தே கிடந்தது. அதன் வாசலில், சிமெண்டுத் தரையில் கடைசித் தட்டைக் குனிந்து வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கிக்கொண்டார்.

"இது யாருக்குண்ணா?"

"ரோசிக்கும்மா. போன தை மாசம் செத்துப் போச்சு. அத்த மட்டும் தொடாதீங்க. ஓநாய்ங்களுக்குக் கறி போட்டுட்டு ஜல்தியா வந்துடறேன்."

செத்த கரடிக்குப் படையலா! நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள் வேணி. திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவள் அவள். விழுப்புரம் போகிற வழியில், பாறைக்காட்டு ஓரமாக இருக்கிற இந்த விலங்குக் கல்வி மையத்தில் அறிவிப்புப் பலகைக்குக் கரடிப் படமும் ஓநாய்ப் படமும் கேட்டிருந்தார்கள். மகள் பொன்னியையும் கூட்டிவந்திருந்தாள். கரடி காட்டுகிறேன், கரடி காட்டுகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றியாகிவிட்டது. புருஷன் போனபிறகு வேணிக்கென்று இருப்பது அந்த எட்டு வயசுப் பிள்ளை ஒன்றுதான். காது குத்தும்போது கத்தி ஊரையே கூட்டிவிட்டு, இன்றுவரை மூக்குப் பக்கம் யார் கையையும் அண்டவிடாத பிள்ளை.

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. குழந்தை வெறுங்கையோடு நின்றால் பொறுக்காது. பொம்மையோ, பூவோ, பழைய டெலிபோன் ரிசீவரோ, எதையாவது கையில் திணித்தால்தான் படம் எடுக்கவே வரும். வேணிக்கும் அந்தப் பாழாய்ப்போன வியாதி இருந்தது.

"பொன்னி, அந்தத் தட்டக் கையில எடுத்து, கரடிக்குக் குடுக்கற மாதிரி நில்லுடி."

"அந்தத் தாத்தா தொடக் கூடாதுன்னாரேம்மா?"

"ஒரு செகண்டுதான். எடுத்துட்டு வெச்சிடலாம்."

பொன்னி தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். வேணி கேமராவை அமுக்கினாள். நாலு கரடிகளும் ஒரே நேரத்தில் குடிப்பதை நிறுத்தின. அந்த நிசப்தத்தில், காலிக் கூண்டின் பக்கமிருந்து, பானைக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் எழுந்தது. ம்ம்ம்ம்ம். திருப்தியாகச் சாப்பிட்ட கரடி பாதத்தைச் சப்பிக்கொண்டு போடுகிற சத்தம் அது என்று காலையில்தான் அந்தோணிசாமி சொல்லியிருந்தார்.

"அம்மா," என்றாள் பொன்னி மெதுவாக, "தட்டு லேசாவுதும்மா."

கூழ் பாதி காணோம். கீழே சிந்தியிருக்கும் என்று குனிந்து பார்த்தாள். தரை உலர்ந்திருந்தது. வேணி தட்டைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓநாய்களிடம் போனாள். சும்மா மனப்பிராந்தி, வந்த வேலையை முடிப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேலியோரம் நின்ற பொன்னியின் பின்னாலிருந்து பத்துப் படம் எடுத்தாள்.

ஓநாய்கள் கறியைத் தொடவில்லை. பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலைக் காலுக்கிடையில் செருகி நின்றன. கறி வாளியோடு அங்கே நின்றிருந்த அந்தோணிசாமி அவற்றையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். பொன்னியின் கட்டைவிரலில் கூழ் ஒட்டியிருந்தது.

"யாரும்மா தட்டக் கையில எடுத்தது?"

வேணி அந்த விரலை அவசரமாகத் துடைத்துவிட்டாள்.

"ரோசி குட்டியா இருக்கச்சே அதும் மூக்குல ஊசியக் காய்ச்சி ஓட்ட போட்டு, கயிறு கோத்து, ஊரூரா ஆட்டிக்கினு போனாங்கம்மா. ஒரு கையில கயிறு, ஒரு கையில தட்டு. ஆடுனாத்தான் சோறு. அதனாலதான் நாங்க தரையில வெப்போம். தட்டோட யார் நின்னாலும் கயிறு புடிச்ச ஆளுன்னுதான் அது நெனைக்கும்."

"இப்ப என்னண்ணா பண்றது?"

"தெரியலம்மா. இதுவரிக்கும் யாரும் எடுத்ததில்ல." அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேருங்க."

நாலுவழிச் சாலைக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஸ்கூட்டி இழுக்கவே இல்லை. எப்போதும் காற்றாய்ப் பறக்கிற வண்டி, பின்சக்கரம் அழுந்தி, மூட்டை ஏற்றின மாதிரி திணறியது. லாரிகள் கடந்து போகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. லாரி போனபிறகு கேட்டது. ம்ம்ம்ம்ம். காதுக்குப் பின்னால். ஈர மயிரின் வாடை. பொன்னியின் கைகள் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. சாமி, என் பிள்ளையை மட்டும் விட்டுடு, வேணும்னா என்னை எடுத்துக்கோ என்று வேணி வாய்விட்டே வேண்டினாள்.

"அம்மா. மூக்கு வலிக்குது."

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒரு பஸ் நிழற்குடையில் வண்டியை நிறுத்தினாள். யாரும் இல்லை. ஒரே ஒரு டியூப்லைட். அதன் கீழே பிள்ளையை நிறுத்தி முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். மூக்கின் மேலே செக்கச்சிவந்த ஒரு புள்ளி. கொசு கடித்திருக்கும். கொசுதான். சாயங்காலம் இது இருந்ததா? கேமராவைத் திறந்தாள். தட்டோடு நிற்கிற படத்தில் மூக்கு சுத்தமாக இருந்தது. அடுத்தது ஓநாய்கள். பெரிதாக்கினாள். எல்லாம் பொன்னியைப் பார்க்கின்றன என்றுதான் அப்போது நினைத்திருந்தாள். இல்லை. பொன்னியின் தலைக்கு மேலே பார்க்கின்றன. ஒரு முழம் மேலே. அடுத்த படத்திலும் அதே இடம். அதற்கடுத்ததிலும்.

தப். தப்.

செருப்பு சிமெண்டில் அடிக்கிற சத்தம்.

தப். தப்.

வேணி நிமிர்ந்தாள்.

பொன்னி ஆடிக்கொண்டிருந்தாள். இடது கால். வலது கால். இடது கால். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடாமல் மரமாக நின்ற பிள்ளை.

"பொன்னி!"

மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியிருந்தது. மூக்கில் கயிறு. பழசு, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த கயிறு. அது தொங்கவில்லை. அவள் தலைக்கு மேலே, ஒருவருமில்லாத இருட்டுக்குள், விறைப்பாக நீண்டிருந்தது. ஒரு வெட்டு வெட்டி இழுபட்டது. பொன்னி வேகமாக ஆடினாள்.

வேணி ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தும் கால்கள் நிற்கவில்லை. பொன்னியின் கண்கள் அம்மாவிடம் வரவே இல்லை. எதிரே, யார் கையிலும் இல்லாமல், மார்பு உயரத்தில் நீட்டியிருந்த அலுமினியத் தட்டையே அவை பார்த்துக்கொண்டிருந்தன.