நாற்பத்து நான்கு படிகள்

அந்தப் பெண் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே துணிப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைக்காத சட்டை. புகை வாடை இன்னும் போகவில்லை.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. மூணு மாசமா பீரோவுல இருக்கு. துவைக்க மனசு வரல," என்றாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான கட்டடங்களில் ஆபத்து வந்தால் ஜனங்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று ஆராய்வதுதான் இப்போது அவருக்குப் பிழைப்பு. யார் முதலில் எழுகிறார், யார் பையைத் தேடிக்கொண்டு நிற்கிறார், ஒரு படிக்கட்டில் நிமிடத்துக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்றெல்லாம் கேட்டால் விரல்நுனியில் வைத்திருப்பார். எல்லோருக்கும் அவர் ஆபீசரம்மா. அவருடைய துணை, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்து ஒட்டிக்கொண்டவர். ஆபீசரம்மா அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னல்களை எண்ணிவிட்டுத்தான் வாத்தியார் உட்காருவார்.

வந்தவள் யாரென்று தெரிந்ததும் வாத்தியார் பேனாவை மூடி வைத்தார். இருபது மாடி அலுவலகக் கட்டடத்தில் மூன்று மாதத்துக்கு முன் தீப்பிடித்தபோது இறந்தது ஒரே ஒருவர். இவள் அவர் மனைவி. அந்த விபத்தின் அட்டவணையில் 'வழி தவறியவர் – 1' என்று எழுதியது வாத்தியாரின் கைதான்.

"அவருக்குப் பதினாலாவது மாடியில வேலை," என்றாள் அவள். "வரைபடம் போடுறவரு. அந்த மாடிக்குப் பாதுகாப்புப் பொறுப்பும் அவருதான். ஒன்பதாவது மாடியில நெருப்புன்னதும் முப்பத்தோரு பேரையும் படிக்கட்டு வழியா இறக்கி விட்டுட்டாரு. ஆனா அவரு கெடந்தது பதினாறாவது மாடி வாசல்ல. புகையில தடுமாறி மேல ஏறிட்டாரு, அங்க கதவு பூட்டியிருந்துச்சு, உள்ள போக முடியாம செத்துட்டாருன்னு அறிக்கையில எழுதிட்டாங்க."

"பூட்டியிருந்துச்சுன்னு யார் சொன்னது?"

"அந்த மாடியில டைப்பிஸ்ட் ஒருத்தி. ஊன்றுகோல் வச்சு நடக்கிறவ. எல்லாரும் விட்டுட்டு ஓடிட்டாங்க, அவ மட்டும் உள்ள இருந்து பிழைச்சா." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "இப்போ வேற கட்டடத்துக்கு மாறிட்ட அந்த ஆபீஸ்ல பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறாங்களாம். என்ன செய்யக் கூடாதுங்கிறதுக்கு இவருதான் உதாரணம். என் பொண்ணுகிட்ட அவ கூடப் படிக்கிறவ கேட்டிருக்கா, உங்கப்பாவுக்கு மேல எது கீழ எதுன்னு கூடவா தெரியாதுன்னு. அன்னையிலேருந்து பொண்ணு பள்ளிக்கூடம் போகல. அவரு முட்டாள் இல்லைங்க. அது மட்டும் தெரிஞ்சா போதும்."

ஆபீசரம்மா சட்டையை விரித்தார். முன்பக்கம் முழுக்கக் கரி. திருப்பிப் போட்டார். தோளிலிருந்து இடுப்பு வரை, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் வெள்ளை.

"மல்லாக்க விழுந்திருப்பாரு மேடம்," என்றார் வாத்தியார்.

"அறிக்கையை எடுங்க. எப்படி இருந்தாருன்னு போட்டிருக்கு?"

வாத்தியார் புரட்டினார். "உட்கார்ந்த நிலையில். கதவில் முதுகு சாய்த்து."

"கதவைத் திறக்கப் பாக்கிறவன் கதவைப் பாத்துத்தானே நிப்பான்?"

"முடியாமப் போய், சோர்ந்து சாஞ்சிருக்கலாமே."

"இருக்கலாம். அவரோட ஷூ இருக்காம்மா?"

பைக்குள் அதுவும் இருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். அடிப்பாகம் புதுசு மாதிரியே இருந்தது. குதிகாலின் பின்விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்து, ரப்பர் உரிந்து போயிருந்தது. ஆபீசரம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். இன்னும் சீல் எடுக்கவில்லை. காவலாளி மட்டும்தான் இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. பதினாலாவது மாடிக்கு ஏறுவதற்குள் வாத்தியாருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"இங்கேருந்து எண்ணிக்கிட்டே வாங்க," என்றார் ஆபீசரம்மா.

"நாப்பத்திநாலு," என்றார் வாத்தியார், பதினாறாவது மாடி வாசலில் நின்று.

"புகையில தப்பா ரெண்டு படி ஏறலாம். நாலு படி ஏறலாம். ஒவ்வொரு படியிலயும் முழங்கால் சொல்லுமே, மேலதான் போறேன்னு. நாப்பத்திநாலு படிய யாராலயும் தப்பா ஏற முடியாது. அவரு மாடியிலேருந்து கடைசியா இறங்கினவங்க என்ன சொல்லியிருக்காங்க?"

வாத்தியார் வாசித்தார். "அவர் படியில் நின்று மேலே நிமிர்ந்து பார்த்தார். நீங்க போங்க என்று கையைக் காட்டினார்."

"எதையோ கேட்டிருக்காரு."

வாசலில் கனமான இரும்புக் கதவு. படிக்கட்டுப் பக்கமாகத் திறப்பது. வாத்தியார் குனிந்து பூட்டைத் தேடினார். பூட்டே இல்லை, சாவித் துவாரம்கூட இல்லை. கதவைச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய நாக்கின்மேல் பழைய டேப் ஒட்டியிருந்தது. சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவர்கள் செய்துவைத்த வேலை. மேலே கதவை இழுத்து மூடுகிற இரும்புக் கையும் உடைந்து தொங்கியது.

"மூடிட்டுக் கையை எடுங்க."

வாத்தியார் மூடினார். கையை எடுத்ததும் கதவு தன்பாட்டுக்கு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி மூடினார். மறுபடி திறந்தது. உள்ளே போய் இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், உள்பக்கம் பிடியே இல்லை. தள்ளித் திறப்பதற்கு வழவழவென்று ஒரு தகடு மட்டும்.

வெளியே வந்தபோது ஆபீசரம்மா டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு எதிரே சிமெண்டுத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுத்த கோடுகள். ரப்பர் தேய்ந்த தடம். அவர் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைக் கொடுத்துக் காலை நீட்டினார். குதிகால் கோடுகளுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

"என்னைவிட உயரமானவரு," என்றார் மெதுவாக.

வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். அந்த வரியிலிருந்த ஒன்றை அடித்தார். 'வழி தவறியவர்' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். அந்த ஒருவரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் அப்படியே மடித்து வைத்துக்கொண்டார்.

டைப்பிஸ்டின் வீடு தரைத்தளத்தில் ஒற்றை அறை. கட்டில், தையல் மெஷின், சுவரோரம் சாத்திய ஊன்றுகோல். இறந்தவரின் மனைவியும் கூட வந்திருந்தாள். அவள் யாரென்று ஆபீசரம்மா சொன்னதும் டைப்பிஸ்டின் முகம் வெளுத்துப்போனது.

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொன்னியாம். அதுல பூட்டே இல்லையேம்மா," என்றார் ஆபீசரம்மா. அதட்டவில்லை.

டைப்பிஸ்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாசல் வரைக்கும் வந்து கத்துனேன்," என்றாள் கடைசியில். "யாராவது இருக்கீங்களான்னு. பதிலே இல்ல. புகை மேல வந்துச்சு. கதவ மூட முடியல. அதனால ஜன்னலோரம் போய் உக்காந்துட்டேன். திடீர்னு கதவு தானா மூடிக்கிச்சு. காத்துன்னு நெனச்சேன். அப்புறம் தட்டுற சத்தம். மூணு தடவ. கொஞ்சம் விட்டு மறுபடி மூணு." அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ உள்ள விடச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. திறந்தா புகை வந்துடுமேன்னு நான் போகல. என்னைத் தூக்கிட்டுப் போறப்போதான் வாசல்ல அவரைப் பாத்தேன். விசாரணையில கேட்டப்போ பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டேன். நான்தான்க்கா அவரைக் கொன்னேன்."

மனைவி அசையாமல் நின்றாள்.

"இல்ல," என்றார் ஆபீசரம்மா. "கேளும்மா. அந்தக் கதவு அவரு பக்கமாத்தான் திறக்கும். உள்ள வரணும்னா ஒரு விரலால இழுத்திருந்தா போதும். உன்கிட்டக் கேக்கவே வேண்டியதில்ல. அப்படியிருந்தும் உள்ள வராதவரு, வெளிய இருக்கணும்னு முடிவு பண்ணினவருதான். உன் சத்தத்தைக் கேட்டு ஏறி வந்தாரு. அதுக்குள்ள கீழேருந்து புகை கெட்டியாயிடுச்சு, உன்னைத் தூக்கிக்கிட்டு இறங்க வழியில்ல. கதவு நிக்கல. உள்ள பிடி கிடையாது, வெளியேருந்து தள்ளினாதான் மூடியிருக்கும். அதனால முதுகைக் கொடுத்து உக்காந்துட்டாரு. சட்டை முதுகுல கரி படாதது அதனாலதான். மயங்கி விழுந்தவன் காலை ஊன மாட்டான். இவரு குதிகால் தேயற அளவுக்கு ஊனித் தள்ளியிருக்காரு. நினைவு போன பிறகும் அவரு உடம்போட பாரமே கதவைப் பிடிச்சிருக்கு, தீயணைப்பு ஆட்கள் மேல வர வரைக்கும், இருபது நிமிஷத்துக்குக் கிட்ட."

"அவரு மட்டும் இறங்கி வந்திருக்க முடியுமா?" என்று கேட்டாள் மனைவி.

வாத்தியார் ஆபீசரம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது.

"முதல் நாலஞ்சு நிமிஷத்துக்குள்ள, வாயைத் துணியால பொத்திக்கிட்டுத் தனியா இறங்கியிருக்கலாம். அதுக்கப்புறம் முடியாது."

"அப்போ எங்களை நெனைக்கவே இல்லையா?"

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இதைச் சொல்லத்தான் வந்தோமா என்று வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படித் தட்டினாரு?" மனைவி டைப்பிஸ்டைப் பார்த்துக் கேட்டாள். "காட்டு."

டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கிக் கட்டில் சட்டத்தில் தட்டினாள். அவசரமில்லாத மூன்று தட்டுகள். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

மனைவி விரல்முட்டியால் அதே மூன்றைச் சுவரில் தட்டிப் பார்த்தாள்.

"என் பொண்ணு சின்னதுல குளியலறைக்குத் தனியாப் போக பயப்படுவா," என்றாள். "இவரு வெளிய நின்னு இப்படித்தான் தட்டுவாரு. திறக்கச் சொல்லி இல்ல. அப்பா இங்கதான் இருக்கேன், பயப்படாதேன்னு."

அப்படியே டைப்பிஸ்டின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். டைப்பிஸ்ட் அவள் கையைத் தொடப் பயந்து, பிறகு தொட்டாள். அவள் கையை விலக்கவில்லை.

புறப்படலாமா என்று ஆபீசரம்மா கேட்டபோது மனைவி நிமிராமலே சொன்னாள்.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இவ கூட இருந்துட்டு வர்றேன்."