மேல் லயத்திலிருந்து ஒரு கார்டு

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தபாலாபீசில், 1974 ஐப்பசியில் ஒரு மத்தியானம், தபால்காரன் பெரியமுத்து பையிலிருந்து எடுத்த கார்டில் அவன் பெயரே இருந்தது. முகவரிக்குக் குறுக்கே சிவப்பு மையில் 'இறந்துவிட்டார்'. எழுத்து அவனுடையது. அவன் எழுதவில்லை.

கொடுக்க முடியாத கடிதத்தில் காரணம் எழுத வேண்டியது தபால்காரன். 'ஆள் இல்லை' என்றால் ஏழு நாள் வைத்திருந்து விசாரிக்க வேண்டும். 'இறந்துவிட்டார்' என்றால் அன்றைக்கே திருப்பிவிடலாம். தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கோ மூன்று மைல் ஏற்றம், வழியெல்லாம் ரத்தம் குடிக்கும் அட்டை. அதனால் அங்கே ஒன்பது பேரை, உட்கார்ந்த இடத்திலேயே, மரியாதையாகச் சாகடித்திருந்தான். யாரும் புகார் சொல்லவில்லை. அவனும் போய்ப் பார்க்கவில்லை.

கார்டைத் திருப்பினான். 'எம் மவன் லெட்டர் போட்டானா தம்பி? நீங்க வரவே இல்லியே. வேலுத்தாய், மேல் லயம்.'

போஸ்ட்மாஸ்டர் மிக்கேல் வாங்கிப் பார்த்தார்.

"ஏலே, நீயே எழுதி எங்கிட்டயே நீட்டுதியா?"

"நான் எழுதல சார். இந்தா உசுரோட நிக்கேனே."

"எழுதியிருக்குல்ல? எழுதியிருந்தா டவுன் ஆபீசுக்குத் திருப்பித்தான் அனுப்பணும்." சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தி, கார்டை பஸ்ஸில் போகும் பைக்குள் போட்டார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. ஜன்னல் வழியே நுழைந்த பனிமூட்டம் தராசை மூடி, மேசையை மூடி, உருகும் அரக்கின் வாசனையோடு கலந்து பெரியமுத்துவின் தொண்டைக்குள் இறங்க, கீழ்வளைவில் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பை அதில் போய்விட்டால் போனதுதான்.

"சார், அதை எடுத்துருங்க."

மிக்கேல் நிமிரவில்லை. பையின் வாயைக் கட்டினார்.

"சார்!"

அரக்கு சொட்டியது. பையைப் பிடித்து இழுத்தான். பை அசையவில்லை.

வாசலில் கண்டக்டர். பையைக் கொடுத்துக்கொண்டே மிக்கேல் சொன்னார்: "பெரியமுத்து போயிட்டான்ப்பா. பாவம், காலைல நல்லாத்தான் இருந்தான்."

பஸ் போய்விட்டது.

மூட்டத்தில் ஒரே ஒரு பாதைதான் தெரிந்தது. மேல் லயத்துப் பாதை. கால்கள் ஏறின. அவன் ஏறச் சொல்லவில்லை. மூன்று மைல்.

ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை.

லயத்தில் விளக்கில்லை. புகையில்லை. ஒன்பது வாசல். வாசலுக்கு ஒருவர். உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டீகளா தம்பி," என்றாள் வேலுத்தாய். "லெட்டர குடுங்க."

தோளில் அவனுடைய பை இருந்தது. கைவிட்டுத் துழாவினான். காலி.

ஒன்பது கைகள் நீண்டன. மடங்கவில்லை.

பத்தாவது கதவு திறந்திருந்தது. உள்ளே பாய் விரித்திருந்தது.