மெல்வின் பெயரில் ஒரு பேட்டண்ட்

"ஐயோ... என்னங்க!"

அலறல் கேட்டு மூக்கண்டப்பள்ளியில் பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அலறியவள் லிபியா. ராத்திரி வேலையென்று ஒர்க்‌ஷாப்பிலேயே தங்கிவிடும் புருஷனுக்குக் காப்பி கொண்டுவந்தவள். ஒர்க்‌ஷாப் தரையில் அவள் புருஷன் வெஸ்லின். தலையைச் சுற்றி ரத்தம்!

கொன்றது மெல்வின்.

லிபியாவின் கூடப் பிறந்த தம்பி. இதில் சஸ்பென்ஸ் வைக்க என்ன இருக்கிறது? அக்கா சோற்றைத் தின்று, மாமாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே பார்ட்னராகி, நேற்று சாயங்காலம் அதே மாமாவின் மண்டையில் இரும்பு ராடால் போட்டவன்.

எல்லாம் ஒரு மெஷினுக்காக!

ரோஜாக் காம்பில் முள்ளை மட்டும் உரித்தெடுக்கும். காம்பில் கீறல் விழாது. ஓசூர் தோட்டக்காரர்கள் இப்போதே ஆலாய்ப் பறந்தார்கள். கண்டுபிடித்தவர் வெஸ்லின்.

பக்கத்து ஊரான பேரிகையில் சித்தி வீட்டிலிருந்த மெல்வின், நேற்று யாருக்கும் தெரியாமல் வந்து கேட்டான்.

"பேட்டண்ட்ல என் பேரையும் சேத்துக்குங்க மாமா."

"அந்தப் பேச்ச விடுடா..." வெஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிய தலையில்தான் விழுந்தது அடி, இரண்டு தரம்!

பேரிகைக்குத் திரும்பிய கையோடு, தன் பெயரில் மட்டும் ஆன்லைனில் காப்புரிமை விண்ணப்பம் போட்டான். இப்போது பைக்கை நடுத்தெருவில் சாய்த்துவிட்டு ஓடி வருகிறான்.

"மாமா... என்ன விட்டுட்டுப் போய்ட்டீங்களே!"

"பொண்டாட்டிக்காரியே இவ்ளோ சத்தம் போடலியே..." எதிர்வீட்டு மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இறக்கிய ஷட்டருக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் சௌமியா அவனை மறித்தாள்.

"உள்ள போகக் கூடாது. கடைசியா எப்ப இங்க வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழம பேரிகை போனவனுங்க மேடம். இப்பத்தான் வர்றேன். மாமா வழுக்கி விழுந்திருப்பாருங்க..."

"அடி ரெண்டு இருக்கே? ஒருதரம் விழுந்தது பத்தலேன்னு எழுந்து மறுபடி விழுந்தாரா?"

சௌமியா கான்ஸ்டபிளிடம் திரும்பினாள்.

"திம்மப்பா, அந்த மெஷின ஜீப்ல ஏத்து. ஸ்டேஷன்ல இருக்கட்டும்."

"மேடம்! அது என் மெஷினுங்க!"

"உங்க மாமா கண்டுபிடிச்சதுன்னு தெருவே சொல்லுது?"

"தெருவுக்கு என்ன தெரியும்? ஐடியா என்னுது! கண்ண மூடிட்டுச் சொல்வேன். ரெண்டு உருளை... எதிரெதிரா சுத்தும். அதுமேல விரலாட்டம் பச்ச ரப்பரு..."

லிபியா தலையைத் தூக்கினாள்.

"பச்சையா? கருப்பு ரப்பர்தானடா இருந்துச்சு! பச்சைய அவரு நேத்து மத்தியானம்தான மாட்டுனாரு!"



"பரவால்லியே..." சௌமியா சிரித்தாள். "பேரிகைலருந்து பாத்தா இங்க இருக்கற ரப்பர் கலர்கூடத் தெரியுது!"

கையில் விலங்கு ஏறியது.

மெல்வின் அழவில்லை. சிரித்தான்!

"உள்ள போறேன்! ஆனா முதல்ல விண்ணப்பம் போட்டவன் நான். இருபது வருஷம் எவனும் அந்த மெஷினச் செய்ய முடியாது. ஜெயில்ல உக்காந்தே ராயல்டி வாங்குவேன்!"

"வராதுடா..." லிபியாவின் குரல் வறண்டிருந்தது. "நேத்து காலைல பெங்களூர் வக்கீலப் பாத்துட்டு வந்தாரு. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி நாமளே ஊருக்கு வெளக்கிக் காட்டிட்டா அது புதுசுன்னு ஆவாதாம். யார் பேர்லயும் வராதாம்."

"ஊருக்கா? யார் காட்டுனது?"

"போன மாசம்... சர்ச்சுல அறுப்பின் பண்டிகை."

சபையார் பூசணியும் கோழியும் காணிக்கை கொண்டுவந்த அன்று, வெஸ்லின் கொண்டுபோனது மெஷினை. கர்த்தர் காட்டிய வழி என்று ஒவ்வொரு பாகமாக விளக்கிச் சாட்சி சொன்னார். சபையின் யூடியூப் சேனலில் நேரலை!

"'தம்பிகிட்ட சொல்லாத, மனசொடிஞ்சு போவான்'னாரு. அதான் நீ பேட்டண்ட் கேட்டப்ப பேச்ச மாத்தியிருப்பாரு..."

"நான் எதுக்கு மனசொடியணும்?"

லிபியா செல்போனை சௌமியாவிடம் நீட்டினாள்.

திரையில் வெஸ்லின் வெள்ளைச் சட்டையில் சிரித்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் உற்சாகக் குரல்...

"மாமா! மூடியக் கழட்டி உள்ள இருக்கறத நல்லா காட்டுங்க!"

மெல்வினின் குரல்!

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பவேயில்லை.

சௌமியா வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள்.

"மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு வேற கெஞ்சியிருக்கீங்க... திம்மப்பா, ஸாருக்காக ஒண்ணு பண்ணிவிடு!"