நான்கு ஞாயிறு, ஒரே படம்

"அது என் சீட்."

சார்மி அப்படிச் சொன்னபோது வதோதராவின் அந்தப் பழைய தியேட்டரில் மொத்தமே பதினோரு பேர். வரிசை முழுக்கக் காலி. உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட நீளமான இமைகள்... அவளுக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இத்தனை சீட் சும்மாதானே கெடக்கு?"

"கெடக்கட்டும். என் டிக்கெட்ல இந்த நம்பர்தான்."

எழுந்தான். நடுவில் ஒரே ஒரு சீட் விட்டு உட்கார்ந்துகொண்டான்.

குஜராத்திப் படம். இந்துப் பையன், முஸ்லிம் பெண். கடைசியில் அவள் வீட்டுக்கு அடங்கி வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். சார்மிக்கு அழுகை நிற்கவில்லை. அவனோ எரிச்சலோடு வெளியே வந்தான்.

மழை விடவில்லை. வாசலில் ஒதுங்கி நின்றவன், சூடான தால்வடைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான். படத்தில் அந்தப் பெண் தைரியமாகக் கிளம்பியிருக்க வேண்டாமா என்று கேட்டான்.

"சொல்றது சுலபம். கிளம்பிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள்.

அவன் முகம் சட்டென்று மாறியது. சிறிது நேரம் கழித்து அவள் அவன் பெயரைக் கேட்டபோது மறுத்துத் தலையசைத்தான்.

"பேர் வேண்டாமே. பேரைச் சொன்னா எல்லாத்தையும் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. தன் பெயரையும் அவள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு அதே படத்துக்குப் போனாள். அவன் இருந்தான். அதற்கடுத்த ஞாயிறும். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர், அவன் மாண்ட்வி பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன்... கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டார்கள். நடுவிலிருந்த சீட் எப்போது காணாமல் போனது என்று இருவருக்குமே தெரியாது.

நாலாவது ஞாயிறு போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நாளை முதல் வேறு படம். இனி எந்தச் சாக்கில் சந்திப்பது?

"சார்மி திரிவேதி" என்றாள் அவளே, மெதுவாக.

"முனாஃப் கராடி."

பிறகு தன் அக்காவைப் பற்றிச் சொன்னான். அவள் ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டாள். அதற்காக அக்கம்பக்கத்தார் மிரட்ட, அவன் குடும்பம் முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டை ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. இன்றும் யாராவது கதவைத் தட்டினால் அம்மா பயந்து விளக்கை அணைத்துவிடுவாள்.

"இன்னொரு தடவை அவங்களை வீடு மாத்த வைக்க என்னால முடியாது" என்றான். மழைக்குள் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம்... ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியானால் அவள் கை தானாகக் கைப்பையைத் தேடும். நவராத்திரி கர்பாவில் எல்லோரும் வளையமாக ஆடும்போது அவளுக்கு மட்டும் தாளம் தப்பியது. தசராவுக்கு மறுநாள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

பத்தாம் நாள் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

"முனாஃப்பாய், கண்ணு பார்க்கணுமாம்" என்று முதலாளி குரல் கொடுத்தார். அந்த ஊரில் எந்த ஆணையும் பெயரோடு பாய், அதாவது அண்ணன், சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவள் அதைச் சேர்க்கவில்லை.

"முனாஃப்."

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸ் செருகிப் பார்க்கும் பரிசோதனைச் சட்டத்தை அவள் காதில் மாட்டினான். இவ்வளவு அருகில் அந்த இமைகள்...

"எழுத்து தெரியுதா?"

"நேத்து வீட்டை விசாரிச்சு உங்க அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கதவைத் தட்டல. வெளியில நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

அவன் அடுத்த லென்ஸை எடுக்கவில்லை.

"வீடு மாறினது அவங்களுக்கு வருத்தமில்லையாம். மகன் ரெண்டு மாசமா சிரிக்காததுதான் வருத்தமாம். கல்யாணத்துக்குப் பதிவு ஆபீஸ்ல ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுக்கணுமாமே... திங்கக்கிழமை வரீங்களா?"

"எனக்குப் பயமா இருக்கு, சார்மி."

"எனக்கும்தான்."

முதலாளி பவர் எவ்வளவு என்று கேட்டார். முனாஃபுக்கு அது காதில் விழவேயில்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடல... வரேன்."