வெள்ளி முரசின் காவலன்

ஒரே ஒரு வரியைப் பொய்யாக்கத்தான் ஜெசிந்தா ஜவ்வாது மலை ஏறினாள். வெள்ளைக்காரன் காலத்துக் காலாட்படை ஒன்றின் வரலாற்றில் இருந்த வரி அது: 'சிப்பாய் சவரிமுத்து படையின் வெள்ளி முரசைத் திருடிக்கொண்டு ஓடினான்.' சவரிமுத்து அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன். ஊரில் இன்றைக்கும் அவர்களுக்கு 'முரசுத் திருடன் வீடு' என்றுதான் பெயர். அதைக் கேட்டுக் கேட்டே அப்பா தலைகுனிந்து செத்தார்.

அந்த மலைக்குகை ஒன்றில் பழங்காலச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், அண்ணன் சூசையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழிகாட்ட வந்த சடையன் குகை வாசலோடு நின்றுகொண்டார். "நான் வரலம்மா. உள்ள போனவன் திரும்பி வந்திருக்கான். எதையாச்சும் எடுத்தவன் வந்ததில்ல."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது!" என்று சூசை டார்ச்சை அடித்தான்.

வெளியே உச்சி வெயில். உள்ளே கொஞ்சதூரம் போனதுமே மூச்சு புகையாக வந்தது. பாறைப் பிளவில் சாய்ந்தபடி ஓர் எலும்புக்கூடு நின்றது! கிழிந்த சிவப்புக் கோட்டு, கழுத்தில் ஜெபமாலை, கையில் நிமிர்ந்த துப்பாக்கி. காலடியில் வெள்ளி முரசு. ஓடவில்லை, நின்ற இடத்திலேயே செத்திருக்கிறார்! ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டியது.

சூசை ஆசையாக முரசைத் தூக்கினான். டக், டக் என்று பூட்ஸ் சத்தம்! வாசல் வெளிச்சம் அணைந்தது. இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். எவ்வளவு ஓடியும் அதே பிளவின் முன்னால்தான் வந்து நின்றார்கள். இப்போது துப்பாக்கி முனை சூசையின் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது.

"கீழ வைண்ணா!"

வைத்தான். முனை இறங்கவில்லை.

ஜெசிந்தா ஆயுதப்படைக் காவலர். கருவூல வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்பதுதான் அவள் பிழைப்பு. மாற்று ஆள் எதிரே வந்து நின்று பொறுப்பேற்காமல் பாராக்காரர் இடத்தைவிட்டு நகரமாட்டார். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவரை மாற்ற ஆளே வரவில்லை! முரசைக் காக்க இங்கே நிறுத்திவிட்டு மறந்துபோன படை, பழியை இவர் தலையில் கட்டிவிட்டது.

விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். "தாத்தா, பாரா மாத்த வந்திருக்கேன். துப்பாக்கியக் குடுங்க."

சில்லிட்ட துப்பாக்கி தானாக அவள் கைக்கு வந்தது. எலும்புகள் மெல்லச் சரிந்து தரையில் அமர்ந்தன. வாசலில் வெளிச்சம் தெரிந்தது.

"ஜெசி, வா!"

"கால் நகரலண்ணா! இப்ப நான்தான் பாரா. நான் சொல்றேன், முரசை வெளிய கொண்டு போ. காக்கப் பொருள் இல்லேன்னா பாராவும் இல்ல."

"உன்ன விட்டுட்டா?"

"ஓடுண்ணா!"

சூசை ஓடினான். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. தாத்தா இந்த இருட்டில் தன்னந்தனியாக எத்தனை காலம் நின்றாரோ என்று எண்ணியபோது பயத்தை மீறிக்கொண்டு பரிதாபம் வந்தது.

வெளியே முரசு 'தம்' என்று அதிர்ந்தது. அவள் கால்கள் விடுபட்டன!

எலும்புகளைப் போர்வையில் சுமந்து ஊர் சேர்ந்தார்கள். கல்லறைத் தோட்டம்வரை ஊரே திரண்டு வந்தது. திருடன் வீடு என்றவர்களும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள்.

அதன்பின் பாரா மாற்றப் போக ஜெசிந்தா ஒருநாளும் தாமதித்ததில்லை.